கேள்வி பதில்: அண்டைக் கட்டத்தைப் பார்த்து வளரும் வடிவங்கள்

சென்ற மாதம், முப்பரிமாண வடிவங்களை வரையும் ரைனோ மென்பொருளையும், அதனுள் ‘காம்போனென்ட்’ எனும் சிறு கட்டளைப் பெட்டிகளை ‘வயர்’களால் இணைத்து வடிவங்களை உருவாக்க உதவும் கிராஸ்ஹாப்பரையும் பற்றி எழுதியபோது, செல்லுலார் ஆட்டோமேட்டா முறையில் வடிவங்களை வளர்க்கவும் முடியும் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தேன். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியவை. அவற்றுள் ஐந்துக்கு இங்கே விடையளிக்கிறேன்.

*

ஐயா, வணக்கம். நான் கட்டடக்கலை நான்காம் ஆண்டு மாணவி. ஸ்டூடியோ பாடத்திற்காகச் செல்லுலார் ஆட்டோமேட்டாவைக் கிராஸ்ஹாப்பரில் செய்து பார்க்கிறேன். ஒரு தலைமுறையின் விடையை எடுத்து மறுபடியும் தொடக்கத்தில் கொடுப்பதற்காக வயரை இழுத்தால், அது தன்னையே சுற்றி வருகிறது என்று சொல்லி மென்பொருள் மறுத்துவிடுகிறது. மற்றவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள்?
— மாணவி, குரோம்பேட்டை

இந்தச் சொல்லை முதன்முறையாகக் கேட்கும் வாசகர்களுக்காக ஒரு பத்தி எழுதிவிட்டு உங்கள் வயருக்கு வருகிறேன். கட்டம் போட்ட கணக்கு நோட்டின் ஒரு பக்கத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டமும் நிரம்பியிருக்கும், அல்லது காலியாக இருக்கும். எல்லாக் கட்டங்களும் ஒரே நேரத்தில் தம் அண்டைக் கட்டங்களைப் பார்த்து, அனைத்துக்கும் பொதுவான ஒரே விதியின்படி, அடுத்த தலைமுறையில் நிரம்பியிருப்பதா காலியாவதா என்று முடிவு செய்கின்றன. 1940களில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தோடு தொடர்புடைய ஸ்டானிஸ்லாவ் உலாம், ஜான் வான் நியூமன் ஆகிய இருவரிடமிருந்து இந்த எண்ணம் தொடங்குகிறது. தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும் இயந்திரம் ஒன்று இருக்க முடியுமா என்று ஆராய்ந்த வான் நியூமன், கட்டம் ஒன்றுக்கு 29 நிலைகள் கொண்ட அமைப்பை வகுத்தார். இரண்டே நிலைகளோடு ஜான் கான்வே உருவாக்கிய ‘லைஃப்’ விளையாட்டு, 1970 அக்டோபரில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் மார்ட்டின் கார்ட்னர் எழுதிய பத்தியின் வழியாகப் பரவியது. அதில் ஒரு கட்டத்திற்குச் சுற்றிலும் எட்டு அண்டைகள். காலிக் கட்டத்தைச் சுற்றி மிகச் சரியாக மூன்று கட்டங்கள் நிரம்பியிருந்தால் அது பிறக்கும். நிரம்பிய கட்டத்திற்கு இரண்டோ மூன்றோ நிரம்பிய அண்டைகள் இருந்தால் அது பிழைக்கும். மற்ற எல்லாச் சூழலிலும் அது காலியாகும், அல்லது காலியாகவே இருக்கும்.

இனி உங்கள் வயர். டேவிட் ரட்டன் 2007இல் உருவாக்கத் தொடங்கிய கிராஸ்ஹாப்பரில் தரவு ஒரு திசையில் மட்டுமே ஓடும். ஒரு காம்போனென்ட்டின் விடை சுற்றி வந்து அதற்கே உள்ளீடாகுமானால், எதை முதலில் கணக்கிடுவது, எங்கே நிறுத்துவது என்று மென்பொருளால் தீர்மானிக்க முடியாது. ஆகவே அத்தகைய இணைப்பை அது தொடக்கத்திலேயே தடுத்துவிடுகிறது. செல்லுலார் ஆட்டோமேட்டாவோ முழுக்க முழுக்க அத்தகைய சுழற்சியால் ஆனது. இந்த முரண்பாட்டைக் கடக்கத்தான் ஹூப்ஸ்னேக், அனிமோன் போன்ற செருகுநிரல்கள் வந்தன. இவற்றுள் அனிமோன், சுழற்சியின் தொடக்கத்திற்கு ஒன்றும் முடிவுக்கு ஒன்றுமாக இரண்டு காம்போனென்ட்டுகளைத் தந்து, நடுவில் நீங்கள் அமைப்பதை வேண்டிய முறை ஓட்டுகிறது. ராபிட் என்ற செருகுநிரலில் செல்லுலார் ஆட்டோமேட்டா ஆயத்தமாகவே கிடைக்கும். ஆனால் கற்றுக்கொள்வதுதான் உங்கள் நோக்கம் என்றால், பைத்தான் காம்போனென்ட் ஒன்றை வைத்து, இருபது முப்பது வரிகளில் நீங்களே எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். தலைமுறை எண்ணிக்கையை ஒரு ஸ்லைடரில் கொடுங்கள். சுழற்சி முழுவதும் அந்த ஒரு காம்போனென்ட்டின் உள்ளேயே முடிந்து, கடைசி அட்டவணை மட்டும் வெளியே வரும். வயர் திரும்பி வர வேண்டிய தேவையே இராது.

எழுதும்போது பெரும்பாலானோர் இரண்டு இடங்களில் இடறுகிறார்கள். முதலாவது, பழைய அட்டவணையைப் படித்துக்கொண்டே அதிலேயே புதிய விடையையும் எழுதிவிடுவது. அப்படிச் செய்தால் இரண்டாவது கட்டம் தன் அண்டையின் பழைய நிலைக்குப் பதிலாகப் புதிய நிலையைப் பார்த்துவிடும். ‘ஒரே நேரத்தில்’ என்ற நிபந்தனை அங்கேயே உடைந்துவிடும். எப்போதும் இரண்டு அட்டவணைகள் வேண்டும், ஒன்று படிக்க, ஒன்று எழுத. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு: படுக்கை வசத்தில் அடுத்தடுத்து மூன்று கட்டங்களை மட்டும் நிரப்பி, லைஃப் விதியை ஓட்டுங்கள். அடுத்த தலைமுறையில் அவை செங்குத்தாக நிற்க வேண்டும், அதற்கடுத்ததில் மறுபடியும் படுக்க வேண்டும். வேறு எது நடந்தாலும் நிரலில் பிழை இருக்கிறது.

இரண்டாவது இடறல் விளிம்பில் நேர்கிறது. பைத்தானில் ஒரு பட்டியலின் −1ஆம் உறுப்பைக் கேட்டால், அது மறுக்காமல் கடைசி உறுப்பை எடுத்துத் தந்துவிடும். ஆகவே இடது விளிம்பிலுள்ள கட்டம் தனக்கு இடப்புறம் இருப்பதைக் கேட்கும்போது, சத்தமில்லாமல் வலது விளிம்பிலுள்ளது வந்து நிற்கும். வலது விளிம்பிலோ பிழைச்செய்தி வரும். அந்தப் பிழைச்செய்தியை மட்டும் சரிசெய்துவிட்டு, இடப்பக்கம் ஒரு விதமாகவும் வலப்பக்கம் வேறு விதமாகவும் இயங்கும் நிரலை வைத்துக்கொண்டு, உருவம் ஏன் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று வாரக்கணக்கில் தேடியவர்களில் நானும் ஒருவன். இரு விளிம்புகளையும் ஒட்டி வளையமாக்குவதா, விளிம்புக்கு அப்பால் எல்லாம் காலி என்று கொள்வதா என்பதை முதலிலேயே முடிவு செய்து, நான்கு பக்கமும் அதையே எழுதுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு உங்கள் கையில் இருப்பது பூச்சியங்களும் ஒன்றுகளும் கொண்ட ஓர் அட்டவணை மட்டுமே. ஒன்று என்பது ஒரு துளையா, செங்கல்லா, அறையா, வளைபரப்பின் உயரமா என்பதை விதி சொல்லாது. உங்கள் ஸ்டூடியோ ஆசிரியர் கேட்கப்போவது அதைத்தான்.

*

அண்ணா நகரில் நான் வடிவமைக்கும் வீடு ஒன்றின் மேற்குச் சுவருக்கு முன்னால் துளையிட்ட ஜாலித் தடுப்பு வைக்க வேண்டும். வழக்கமான பூவேலை வேண்டாம் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். உல்ஃப்ராமின் 30ஆம் விதி இதற்குப் பொருந்துமா? வெயில் குறையுமா?
— கட்டடக்கலைஞர், அண்ணா நகர்

இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் தொடர்பு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

முதலில் 30 என்ற எண். 1980களின் தொடக்கத்தில் ஸ்டீபன் உல்ஃப்ராம் ஆராய்ந்த எளிய வகையில் கட்டங்கள் ஒரே வரிசையில் இருக்கும். ஒரு கட்டம் தன்னையும் இடது, வலது அண்டைகளையும் மட்டுமே பார்க்கும். மூன்று கட்டங்கள் நிரம்பியும் காலியாகவும் அமையக்கூடிய விதங்கள் எட்டு. ஒவ்வொன்றுக்கும் விடை ஒன்றோ பூச்சியமோ என்பதால், இத்தகைய விதிகள் மொத்தம் 256. மூன்றும் நிரம்பியதிலிருந்து மூன்றும் காலியானது வரை வரிசைப்படுத்தி எட்டு விடைகளையும் எழுதினால் ஓர் இரும எண் கிடைக்கும். 00011110 என்பது 30. வாய்மொழியில் சொன்னால், நடுவிலோ வலத்திலோ ஏதேனும் ஒன்று நிரம்பியிருந்தால் இடது அண்டையின் நிலையைத் தலைகீழாக்கு. இரண்டும் காலியாக இருந்தால் இடது அண்டையின் நிலையை அப்படியே எடுத்துக்கொள். ஒரு வரிசைக்குக் கீழே அடுத்த தலைமுறை என்று அடுக்கிக்கொண்டே போனால், ஒழுங்கற்ற முக்கோணங்கள் நிறைந்த, இரண்டு இடம் ஒன்றுபோல் இராத பரப்பு கிடைக்கும்.

இதைக் கட்டடத்தின்மேல் வைத்த முன்மாதிரி உண்டு. 2017இல் திறக்கப்பட்ட கேம்பிரிட்ஜ் நார்த் ரயில் நிலையத்தின் துளையிட்ட அலுமினியத் தகடுகள் கான்வேயின் லைஃப் விளையாட்டை அடியொற்றியவை என்று வடிவமைப்பின்போது சொல்லப்பட்டது. படங்களைப் பார்த்த உல்ஃப்ராம், அது லைஃப் அல்ல, 135ஆம் விதி என்று கண்டறிந்து எழுதினார். 30ஆம் விதியில் கருப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றினால் 135 கிடைக்கும். கான்வே பணியாற்றிய ஊரில் உல்ஃப்ராமின் விதி ஏறிக்கொண்டது.

உங்கள் ஜாலிக்கு வருவோம். 1.2 மீட்டருக்கு 2.4 மீட்டர் தகட்டில் 50 மில்லிமீட்டர் கட்டம் வைத்தால், அகலத்தில் 24, உயரத்தில் 48, மொத்தம் 1,152 கட்டங்கள். ஒரே ஒரு நிரம்பிய கட்டத்திலிருந்து தொடங்கினால் உருவம் வரிசைக்கு ஒரு கட்டமாக இரு பக்கமும் விரியும். 48 வரிசை முடியும்போது அதற்கு 95 கட்டங்கள் அகலம் வேண்டும், உங்களிடம் இருப்பதோ 24. ஆகவே அகலமான பரப்பைக் கணக்கிட்டு, அதிலிருந்து பிடித்த பகுதியை வெட்டி எடுங்கள். அல்லது முதல் வரிசையைத் தற்செயல் எண்களால் நிரப்பித் தொடங்குங்கள். ஒற்றைக் கட்டத்திலிருந்து வளரும் உருவத்தின் இடப்பக்கத்தில் சாய்கோடுகள் ஒழுங்காக ஓடும். எதிர்பாராத தன்மை வேண்டுமென்றால் நடுவிலிருந்தும் வலப்பக்கத்திலிருந்தும் எடுப்பது நல்லது.

நிரம்பிய கட்டம் ஒவ்வொன்றும் ஒரு துளை என்று கொள்வோம். துளையைக் கட்டத்தின் முழு அளவுக்கு வெட்டாதீர்கள். அப்படி வெட்டினால், மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகச் சதுரங்களுக்கு நடுவே உலோகமே இராது; தகடு துண்டு துண்டாகக் கீழே விழும். 50 மில்லிமீட்டர் கட்டத்தில் 40 மில்லிமீட்டர் துளை என்று வைத்தால், எல்லா இடத்திலும் 10 மில்லிமீட்டர் சட்டம் தொடர்ச்சியாக நிற்கும், எந்த விதியை ஓட்டினாலும் தகடு பிரியாது. 30ஆம் விதியில் ஏறத்தாழப் பாதிக் கட்டங்கள் நிரம்பியிருக்கும் என்பதால், திறப்பின் பரப்பு சுமார் 32 விழுக்காடு.

இந்த 32 விழுக்காடு தகடு முழுவதும் ஏறக்குறையச் சமமாகப் பரவும். சன்னல் உயரத்தில் அதிகத் திறப்பும் கீழே மறைப்பும் வேண்டுமென்றால் இந்த விதி உங்களுக்கு உதவாது. லைஃப் விதியையும் பரிந்துரைக்க மாட்டேன். தற்செயலாக நிரப்பிய பரப்பில் அதை நெடுநேரம் ஓட்டினால், எஞ்சி நிற்பது சுமார் 3 விழுக்காடு கட்டங்கள்தான். நீங்கள் தகட்டுக்குப் பணம் கொடுத்து முப்பத்தைந்து ஓட்டைகள் மட்டும் வாங்குவீர்கள். பெரும்பான்மை விதியை முயன்று பாருங்கள்: தன்னையும் சேர்த்து ஒன்பது கட்டங்களில் ஐந்து அல்லது அதற்கு மேல் நிரம்பியிருந்தால் நிரம்பு, இல்லையேல் காலியாகு. நான்கைந்து தலைமுறைகளில் சிதறிய புள்ளிகள் திட்டுத்திட்டாகச் சேர்ந்துவிடும். தொடக்க அடர்த்தியைக் கீழே 45 விழுக்காடு, மேலே 55 விழுக்காடு என்று மெல்லச் சாய்த்தாலே போதும். சிறுபான்மையை இந்த விதி மேலும் நசுக்குவதால், அந்தச் சிறிய வேறுபாடு முடிவில் பெரிதாகத் தெரியும்.

வெயில் குறையுமா என்பதை விதி தீர்மானிப்பதில்லை, தகட்டின் ஆழம் தீர்மானிக்கிறது. மார்ச்சிலும் செப்டம்பரிலும் சென்னையில் மாலை 4 மணிக்குச் சூரியன் ஏறத்தாழ நேர் மேற்கில், அடிவானத்திலிருந்து சுமார் 30 பாகை உயரத்தில் இருக்கும். 40 மில்லிமீட்டர் துளைக்கு அந்த நேரத்து நேர்வெயிலை முழுக்க மறிக்கச் சுமார் 70 மில்லிமீட்டர் ஆழம் தேவை. 3 மில்லிமீட்டர் தகடு வைத்தால் எவ்வளவு அழகான உருவமும் அப்படியே தரையில் வெயிலாக விழும். வார்ப்புக் கான்கிரீட்டிலோ சுடுமண்ணிலோ ஆழமான கட்டமாகச் செய்ய முடியுமா என்று உரிமையாளரிடம் பேசிப் பாருங்கள். வெட்டுவதற்கு ஆகும் கூலியையும் அப்போதே ஒப்பிட்டுவிடலாம்.

*

லைஃப் விளையாட்டின் ஒவ்வொரு தலைமுறையையும் ஒரு தளமாக வைத்து மேலே மேலே அடுக்கிக் கோபுரம் செய்தேன். திரையில் மிக நன்றாக இருந்தது. முப்பரிமாண அச்சுக்குக் கொடுத்தபோது, உருவம் ‘மூடிய திடப்பொருள் அல்ல’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வற்புறுத்தி அச்சிட்டதும் பாதி உதிர்ந்துவிட்டது. குறை அச்சகத்தினுடையதா?
— வாசகர், திருவான்மியூர்

இல்லை. குறை விதியிலேயே இருக்கிறது. இந்தக் கடிதம் வந்ததில் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் இந்த முறையின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

லைஃப் விதியில் ஒரு கட்டம் எப்போது பிறக்கிறது? அது காலியாக இருக்கும்போது மட்டுமே. உயரத்தைக் காலமாக வைத்து அடுக்கும்போது இதன் பொருள் என்ன என்று யோசியுங்கள்: புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு கனசதுரத்திற்கும் நேர் கீழே வெற்றிடம்தான் இருக்கும், விதிவிலக்கே இல்லை. அதைப் பிறப்பித்த மூன்று அண்டைகளும் கீழ்த் தளத்தில் பக்கவாட்டிலோ மூலைவாட்டிலோ இருக்கின்றன. அவற்றோடு அதற்குள்ள தொடர்பு ஒரு விளிம்புக் கோடு, அல்லது ஒரு மூலைப் புள்ளி. கோட்டுக்கும் புள்ளிக்கும் தடிமன் கிடையாது. திரையில் அவை ஒட்டியிருப்பதாகத் தோன்றும். அச்சு இயந்திரத்துக்கோ அங்கே பொருளே இல்லை. ஒரே விளிம்பில் நான்கு முகங்கள் சந்திக்கும் உருவத்தை மூடிய திடப்பொருளாக ஏற்க முடியாது என்றுதான் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

எனவே உங்கள் கோபுரத்தைத் தாங்குவது பிழைத்த கட்டங்கள் மட்டுமே. முதல் விடையில் சொன்ன மூன்று கட்ட வரிசையை அடுக்கிப் பாருங்கள். நடுக்கட்டம் எல்லாத் தலைமுறையிலும் பிழைக்கிறது, அது தூண். இரு முனைகளும் தளத்துக்குத் தளம் திசை மாறி, அந்தத் தூணிலிருந்து கேன்டிலீவராக, அதாவது ஒரு பக்கம் மட்டும் தாங்கப்பட்டு, நீட்டிக்கொண்டிருக்கும். இது நிற்கும். இரண்டுக்கு இரண்டு சதுரமாக நான்கு கட்டங்கள் இருந்தால் அது மாறவே மாறாது. நேரான தூணாக எழும். ஐந்து கட்டங்கள் கொண்ட ‘கிளைடர்’ நான்கு தலைமுறைக்கு ஒருமுறை மூலைவாட்டில் ஒரு கட்டம் நகரும். அடுக்கினால் சாய்ந்த படிக்கட்டு போன்ற உருவம் கிடைக்கும். அதில் ஒவ்வொரு தளத்திலும் மூன்று கட்டங்கள் பிழைத்தவை, இரண்டு புதியவை. தனியே நிறுத்தினால் ஓரளவு உயரத்துக்கு மேல் அது கவிழ்ந்துவிடும். வேறொன்றின்மீது சாயுமாறு நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரிசெய்வதற்கு மூன்று வழிகளை நான் கையாண்டிருக்கிறேன். கட்டங்களுக்கு இடையிலான தூரம் 10 மில்லிமீட்டர் என்றால், கனசதுரத்தை 11 மில்லிமீட்டராக்கி ஒன்றுக்குள் ஒன்று சற்றே புதையச் செய்வது எளியது. கோடாக இருந்த தொடர்பு ஒரு மெல்லிய கழுத்தாக மாறும். கனசதுரங்களையே கைவிட்டு, அட்டவணையை அடர்த்தி மதிப்புகளாகக் கொண்டு, 1987இல் லாரன்சன், கிளைன் இருவரும் வெளியிட்ட ‘மார்ச்சிங் க்யூப்ஸ்’ முறையில் ஒரே தோலாக மெஷ் (சிறு முகங்களால் ஆன வலைப்பரப்பு) எடுப்பது இரண்டாவது வழி. உருவம் மழுங்கி, பவளப் பாறை போல வரும். சிலருக்கு அதுதான் பிடிக்கிறது. மூன்றாவது, விதியையே மாற்றுவது: நேர் கீழே நிரம்பிய கட்டம் இருந்தாலோ, அதே தளத்தில் முகத்தோடு முகம் ஒட்டிய அண்டை ஒன்று தாங்கப்பட்டிருந்தாலோ மட்டுமே நிலைக்கலாம் என்று ஒரு நிபந்தனையைச் சேர்ப்பது. அதற்குப் பிறகு அது கான்வேயின் லைஃப் அல்ல என்று தூய்மைவாதிகள் சொல்வார்கள். சொல்லட்டும், நீங்கள் செய்வது கோபுரம்.

எந்த வழியானாலும், அச்சுக்கு அனுப்பும் முன் தரைத்தளத்திலிருந்து தொடங்கி, முகத்தோடு முகம் ஒட்டிய கட்டங்களை மட்டும் பின்தொடர்ந்து சென்று குறியிடுங்கள். குறி விழாமல் எஞ்சும் கட்டங்கள் அந்தரத்தில் இருப்பவை. அவற்றை நீக்குவதா, இணைப்பதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவு செய்யலாம்.

*

எங்கள் தெருவில் மார்கழியில் போடும் புள்ளிக் கோலமும் இதே முறைதானே?
— வாசகி, மேற்கு மாம்பலம்

உறவு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஒரு புள்ளியைச் சுற்றிக் கம்பி எப்படி வளைய வேண்டும் என்பது பக்கத்துப் புள்ளிகளைப் பொறுத்தது என்ற அளவில் ஒற்றுமை இருக்கிறது. ஆனால் கோலம் போடுபவரின் கை ஓர் இடத்தில் தொடங்கி, கோட்டை இழுத்துக்கொண்டே போய், தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்கிறது. முழு உருவமும் அவர் மனத்தில் முன்கூட்டியே இருக்கிறது. செல்லுலார் ஆட்டோமேட்டாவில் எல்லாக் கட்டங்களும் ஒரே நேரத்தில் மாறுகின்றன, முழு உருவத்தை எந்தக் கட்டமும் அறியாது. கோலத்துக்கு இன்னும் நெருக்கமானது, ஒரு குறியை வேறு குறிகளால் மாற்றி எழுதிக்கொண்டே போகும் இலக்கண முறை. அந்த ஆய்வு நம் ஊரிலேயே நடந்தது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோன்மணி, ராணி சிரோன்மணி ஆகியோர், கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து, வரிசை இலக்கணங்களால் கோலங்களை உருவாக்குவது பற்றி 1974இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கிராஸ்ஹாப்பரில் கோலம் போட விரும்புபவர்கள் லைஃப் விதியை விட்டுவிட்டு அந்த வழியில் போவது பொருத்தம்.

*

முப்பரிமாணத்தில் 50 × 50 × 50 கட்டங்கள் வைத்தால் என் கணினி உறைந்துவிடுகிறது. புதிய கணினி வாங்க வேண்டுமா?
— வாசகர், வேளச்சேரி

வாங்குவதற்கு முன் இரண்டைச் செய்து பாருங்கள். உங்கள் பரப்பில் 1,25,000 கட்டங்கள். முப்பரிமாணத்தில் ஒரு கட்டத்துக்கு 26 அண்டைகள் என்பதால், தலைமுறை ஒன்றுக்கு 32,50,000 முறை எட்டிப் பார்க்க வேண்டும். பைத்தானில் ஒவ்வொரு கட்டமாகச் சுற்றினால் தாமதம் இயல்பே. ரைனோ 8இல் பைத்தான் 3 இருப்பதால், எண் கணக்குகளுக்கான நம்பை (NumPy) நிரல் நூலகத்தின் அணிகளைப் பயன்படுத்தி, முழு அட்டவணையையும் ஒரு கட்டம் நகர்த்தித் தன்மீதே கூட்டுவது போன்ற முறையில் எண்ணலாம். முதலில் நீளவாக்கில் மும்மூன்றாகக் கூட்டுங்கள், அந்த விடையை அகலவாக்கில், அதன் விடையை உயரவாக்கில். இறுதியில் தன்னைக் கழித்துவிட்டால் 26 அண்டைகளின் கூட்டுத்தொகை எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே வீச்சில் கிடைத்துவிடும்.

ஆனால் பெரும்பாலும் கணினியை உறையவைப்பது இந்தக் கணக்கல்ல, வரைவதுதான். ஒவ்வொரு நிரம்பிய கட்டத்துக்கும் தனித்தனிப் பெட்டி செய்து, அவற்றை ஒரே உருவமாக இணைக்கப் பூலியன் யூனியன் கட்டளையைக் கொடுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். அதை நீக்கிவிடுங்கள். நிரம்பிய கட்டத்தின் ஆறு முகங்களில், மறுபுறம் காலியாக இருக்கும் முகங்களை மட்டும் சதுரங்களாகச் சேர்த்து ஒரே மெஷ்ஷாக்குங்கள். உங்கள் பரப்பு முழுவதும் நிரம்பியிருந்தால்கூட, வெளியே தெரியும் கட்டங்கள் 14,408 மட்டுமே. மற்ற 1,10,592 கட்டங்களை யாரும் பார்க்கப்போவதில்லை. இடையிலுள்ள காம்போனென்ட்டுகளின் முன்காட்சியையும் அணைத்துவிட்டு, கடைசி மெஷ்ஷை மட்டும் திரையில் வையுங்கள். இதற்குப் பிறகும் உறைந்தால், நீங்கள் ஓட்டிய விதியையும் தலைமுறை எண்ணிக்கையையும் குறிப்பிட்டு மறுபடியும் எழுதுங்கள்.